அறுபது பேருக்கு ஒரு காவலர்: சிறைப் பணியும் அதற்கான பயிற்சியும்

சிறைக்குள் கைதிகளின் நடுவே நின்று வேலை பார்க்கும் காவலரிடம் பெரும்பாலும் துப்பாக்கி இருக்காது. கோபுரத்தில் நிற்பவரிடம் இருக்கும், வெளிவாசலில் பாரா நிற்பவரிடம் இருக்கலாம். கைதிகளின் அறைகள் உள்ள பிளாக்குக்குள் சாவிக்கொத்தும் வாக்கி டாக்கியுமாக நடப்பவரிடம் இருக்காது. அறுபது பேர் நடுவே ஒருவர் கொண்டுபோகும் துப்பாக்கி எந்த நிமிடமும் அந்த அறுபது பேரில் ஒருவர் கைக்குப் போய்விடலாம் என்பதுதான் காரணம். ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளும் இதையே சொல்கின்றன. கைதிகளோடு நேரடியாகப் பழகும் ஊழியர்கள் சிறப்புச் சூழ்நிலைகளில் தவிர ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, ஆயுதப் பயிற்சி பெறாதவரிடம் எந்த நிலையிலும் அதைக் கொடுக்கக் கூடாது என்கிறது 82ஆவது விதி.

அப்படியானால் அறுபது பேரை ஒருவர் எதை வைத்து நடத்துகிறார்? சிறைக்காவலர் பயிற்சி என்று எதைச் சொன்னாலும் அது கடைசியில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்கிறது. சீருடை, அணிவகுப்பு, சட்டப் பிரிவுகள், தற்காப்பு எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அவை எதுவும் காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்துவிட்டுத் தனியாக உள்ளே நிற்பவருக்கு முழுப் பதிலாகாது. அவர் கையில் இருப்பது பேச்சு, பழக்கம், நேற்று எப்படி நடந்துகொண்டாரோ இன்றும் அப்படியே நடந்துகொள்வார் என்று கைதிகள் வைத்திருக்கும் நம்பிக்கை. இவற்றைக் கற்றுக்கொடுக்க நேரம் பிடிக்கும். பணமும் ஆளும் குறையும்போது பயிற்சித் திட்டத்தில் முதலில் வெட்டுப்படுவதும் இந்த நேரம்தான்.

அமெரிக்கச் சமூகவியலாளர் கிரெஷாம் சைக்ஸ் 1950களில் நியூ ஜெர்சியின் ட்ரென்டனில் உள்ள உச்சப் பாதுகாப்புச் சிறையை ஆராய்ந்தார். காவலருக்கு அங்கே காகிதத்தில் எல்லையற்ற அதிகாரம். கைதி எப்போது எழுவது, எப்போது சாப்பிடுவது, எங்கே நிற்பது எல்லாம் அவர் சொல்படி. ஆனால் அந்த அதிகாரத்தை வைத்துத் தினசரி வேலையை நடத்த முடியவில்லை என்று சைக்ஸ் கண்டார். ஒருவரை அடித்து ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்றலாம். அடித்து முந்நூறு பேருக்குச் சமைக்க வைக்க முடியாது. தண்டனையாகப் பறிப்பதற்கும் கைதிகளிடம் மிச்சம் எதுவும் இல்லை. அதனால் காவலர்கள் மெல்ல மெல்லச் சமரசத்துக்கு இறங்குகிறார்கள். சின்ன விதிமீறலைக் கண்டும் காணாமல் விடுவது, அதற்குப் பதிலாகப் பெரிய கலகம் இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது. செல்வாக்குள்ள கைதிகளிடம் பிளாக்கையே ஒப்படைத்துவிட்டுத் தான் ஓரமாக நிற்பது.

1958இல் அவர் எழுதியது இன்றைக்கும் எந்த நாட்டுச் சிறைக்கும் பொருந்துகிறது. அதிகாரத்துக்கும் தினசரி வேலைக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியை ஏதோ ஒன்று நிரப்பத்தான் செய்யும். ரகசியப் பேரமும் நிரப்பலாம், காவலர் சம்பாதித்த மரியாதையும் நிரப்பலாம். இரண்டாவது நடக்க வேண்டுமென்றால் அதற்கு ஆளைத் தயார்செய்ய வேண்டும்.

எண்ணிக்கை

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இந்த வேலையில் சண்டையும் தப்பியோட்டமும்தான் நிறைய என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஷிப்டின் பெரும்பகுதி ஒரே மாதிரியான சின்ன வேலைகள். எண்ணிக்கை எடுப்பது, சாவியை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவது, சாப்பாடு வருவதையும் மருந்து கொடுப்பதையும் பார்த்துக்கொள்வது, நீதிமன்றத்துக்குப் போகிறவர்களைப் பிரித்து அனுப்புவது, அறைச் சோதனை, மனுக்களை வாங்கி மேலே அனுப்புவது, பதிவேட்டில் எழுதுவது. தொழிற்கூடத்தில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் நிழலுருவம் வரைந்த பலகை இருக்கும். சுத்தியல் தொங்க வேண்டிய இடத்தில் வெறும் நிழல் மட்டும் தெரிந்தால் அது திரும்ப வரும்வரை யாரும் கூடத்தை விட்டு நகரக் கூடாது.

எண்ணிக்கையை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒரு நாளைக்குப் பல தடவை நடக்கும் வேலை அது. இரவில் டார்ச் அடித்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போக வேண்டும். போர்வைக்குள் ஓர் உருவம் தெரிந்தால் போதாது. தோல் தெரிய வேண்டும், மூச்சில் மார்பு ஏறி இறங்குவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எழுப்பிப் பார்க்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பினால் கைதி திட்டுவார். பத்து வருடமாக எல்லோரும் ஒழுங்காகத்தான் படுத்திருக்கிறார்கள். இன்றைக்கு மட்டும் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். அந்த எண்ணத்தை வெல்வதற்குத்தான் பயிற்சி.

2015 ஜூன் 6ஆம் தேதி காலை ஐந்தரை மணிக்கு, நியூயார்க் மாநிலத்தின் டானமோராவில் உள்ள கிளின்டன் சிறையில் எண்ணிக்கை எடுத்தபோது அடுத்தடுத்த அறைகளில் இருந்த கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற இரண்டு கைதிகளைக் காணவில்லை. படுக்கையில் துணிகளைத் திணித்துச் செய்த பொம்மைகள் கிடந்தன. அறையின் பின்சுவர் இரும்புத் தகட்டை வெட்டி, நீராவிக் குழாய்க்குள் நுழைந்து, தெருவிலிருந்த மூடியைத் திறந்து வெளியே போயிருந்தார்கள். மூன்று வாரத் தேடுதலுக்குப் பிறகு ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார், இன்னொருவர் பிடிபட்டார். பிறகு வந்த அரசு விசாரணை அறிக்கையில்தான் உண்மையான பாடம் இருந்தது. அந்த இருவரில் ஒருவர் பல இரவுகள் அறையை விட்டு வெளியேறி, சுவருக்குப் பின்னால் வேலை செய்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். இரவு எண்ணிக்கையை ஒரே ஒரு தடவை முறையாக எடுத்திருந்தாலும் அகப்பட்டிருப்பார்.

ரம்பத் தகடுகள் உள்ளே வந்த வழியும் கவனிக்க வேண்டியது. தையற்கூடத்தில் வேலை பார்த்த பெண் ஊழியர் அவற்றை உறைந்த இறைச்சிக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். அந்த இறைச்சியைக் கைதியிடம் சேர்த்தவர் ஒரு காவலர். மெட்டல் டிடெக்டரில் காட்டாமலே கொண்டுபோய்க் கொடுத்தார். உள்ளே தகடு இருப்பது தனக்குத் தெரியாது என்றார். அந்தக் கைதி வரைந்த ஓவியங்களை அவர் முன்பே பரிசாகப் பெற்றிருந்தார், பதிலுக்குச் சின்னச் சின்ன உதவிகளும் செய்திருந்தார். அரை நூற்றாண்டுக்கு முன் சைக்ஸ் எழுதிய அதே பேரம்தான் இது.

இப்படி வளைக்கப்படும் காவலர் ஆரம்பத்திலேயே கெட்டவராக இருப்பது குறைவு. "உங்களைப் போல யாரும் எங்களை மனுஷனா நடத்தறதில்லை சார்" என்ற பாராட்டில்தான் தொடங்கும். பிறகு ஒரு பேனா, வீட்டைப் பற்றிச் சாதாரணமாக ஒரு விசாரிப்பு, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்ற சின்ன ரகசியம். அந்த ரகசியம் வந்தபிறகு காவலர் மேலதிகாரிக்குப் பயப்படுவதைவிடக் கைதிக்குப் பயப்பட ஆரம்பிக்கிறார். நல்ல பயிற்சி நிலையங்களில் இந்தப் படிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டி, எந்தப் படியில் இருந்தாலும் மேலதிகாரியிடம் வந்து சொல்லிவிட வழி உண்டு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தக் கடைசி வாக்கியம் முக்கியமானது. முதல் தவற்றுக்கே வேலை போய்விடும் என்ற பயம் இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கைதிக்கும் அது தெரியும்.

பழகுவதே பாதுகாப்பு

சுவர், கம்பி, கேமரா ஒரு வகைப் பாதுகாப்பு. எண்ணிக்கை, சோதனை, சாவிப் பதிவேடு இன்னொரு வகை. மூன்றாவதாக ஒன்று உண்டு. பிரிட்டிஷ் சிறை நிர்வாகி இயன் டன்பார் 1985இல் அதற்கு டைனமிக் செக்யூரிட்டி என்று பெயர் வைத்தார். காவலர்கள் கைதிகளோடு பேசிப் பழகி, அவர்கள் நாளை வேலையாலும் படிப்பாலும் நிரப்பி, யார் எப்படி இருக்கிறார் என்பதை அறிந்து வைத்திருப்பதே பாதுகாப்பு என்பது இதன் சாரம். மண்டேலா விதிகளின் 76ஆவது விதி இதைக் கட்டாயப் பயிற்சிப் பாடங்களில் ஒன்றாகவே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

தினமும் சத்தமாகப் பேசுகிறவர் இன்று மௌனமாக இருக்கிறார், எப்போதும் கடைசியில் உட்காருகிறவர் சுவரோரம் முதுகைச் சாய்த்து நிற்கிறார், மூன்று பேர் வெயிலில் ஷூ போட்டுக் காத்திருக்கிறார்கள். கேமராவில் இவை எல்லாம் பதியும். ஆனால் அவற்றுக்கு அர்த்தம் இருப்பது அந்த மனிதர்களைத் தெரிந்தவருக்குத்தான். சண்டை வரப்போகிறது என்று அரைமணி முன்னால் சொல்லக்கூடியவர் அந்தப் பிளாக்கில் தினமும் நடக்கும் காவலர் மட்டுமே.

அமெரிக்காவில் 1970களின் நடுவில் கட்டிய சில கூட்டாட்சித் தடுப்புக்காவல் மையங்களிலும், 1981இல் கலிஃபோர்னியாவின் கான்ட்ரா கோஸ்டா மாவட்டத்தில் திறந்த சிறையிலும் இந்தச் சிந்தனை கட்டட அமைப்புக்குள்ளேயே வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பதற்குப் பதிலாகக் காவலரின் மேசையையே கைதிகள் இருக்கும் கூடத்துக்குள் போட்டார்கள். நடுவில் தடுப்பு இல்லை. ஆபத்தான ஏற்பாடு என்று பலர் நினைத்தார்கள். ஆனால் முறையாகப் பயிற்சி பெற்ற காவலர்கள் இருந்த இடங்களில் சண்டையும் பொருள்களை உடைப்பதும் குறைந்தன. பயிற்சி இல்லாதவரை அதே மேசையில் உட்காரவைத்தால் அவர் நாற்காலியை விட்டு எழமாட்டார். கட்டடம் மட்டும் புதிதாக இருக்கும்.

கலவரத்துக்குப் பிறகு வரும் கவனம்

சிறைக்காவலருக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பது புதிய யோசனை அல்ல. 1870இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் கூடிய தேசியச் சிறை மாநாடு, நல்ல சிறை அதிகாரியாக இருப்பதற்கு அறிவும் மனமும் மட்டுமின்றிச் சிறப்புப் பயிற்சியும் தேவை, இந்த வேலை ஒரு முறையான தொழிலாக உயர வேண்டும் என்று தீர்மானித்தது. அதன் பிறகும் நூறு ஆண்டுகள் பல இடங்களில் நடந்தது இதுதான்: சீருடை கொடுப்பார்கள், சாவி கொடுப்பார்கள், பழைய காவலர் ஒருவரோடு இரண்டு நாள் சுற்றிவரச் சொல்வார்கள். பயிற்சி முடிந்தது.

1971 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் அட்டிகா சிறையில் கைதிகள் கிளர்ந்தெழுந்து காவலர்களைப் பிணை பிடித்தார்கள். ஐந்தாம் நாள் அரசு துப்பாக்கியோடு உள்ளே புகுந்து சிறையை மீட்டது. மொத்தம் 43 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர், பிணைக்கைதிகளாக இருந்த சிறை ஊழியர்கள் உட்பட, மீட்பு நடவடிக்கையில் சுடப்பட்டவர்கள். கிராமப்புற வெள்ளையர்களான காவலர்களுக்கும் நகரத்திலிருந்து வந்த கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கக் கைதிகளுக்கும் இடையே இருந்த தூரமும் அதைக் குறைக்கும் பயிற்சி எதுவும் இல்லாததும் விசாரணையில் வெளிவந்தன. தேசியச் சீர்திருத்தப் பணி நிறுவனம் 1974இல் அமெரிக்காவில் உருவானது இந்தப் பின்னணியில்தான். சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று.

1990 ஏப்ரலில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறையில் 25 நாள் கலவரம். கைதிகள் கூரைமேல் ஏறி நின்றார்கள். நீதிபதி வுல்ஃப் 1991இல் கொடுத்த அறிக்கை, பாதுகாப்பு, கட்டுப்பாடு, நீதி மூன்றும் சமநிலையில் இருந்தால்தான் சிறை நிலைத்து நிற்கும் என்றது. மூன்றாவதாக வந்த நீதி என்பதுதான் அன்றைய பயிற்சியில் இல்லாத பகுதி. தண்டனை கடுமையாக இருப்பதைக்கூடக் கைதிகள் பொறுத்துக்கொள்கிறார்கள். ஒரே தவற்றுக்கு ஒருவருக்கு ஒரு மாதிரி, இன்னொருவருக்கு வேறு மாதிரி என்றால் பொறுப்பதில்லை. மனு கொடுத்தும் பதிலே வராததையும் பொறுப்பதில்லை.

இன்று நாடுகளுக்கிடையே பயிற்சிக் காலத்தில் உள்ள வேறுபாடு மலைக்க வைக்கிறது. நார்வேயில் காவலராக வேண்டுமென்றால் லில்லெஸ்ட்ரோம் நகரில் உள்ள சிறைப் பணிக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படிக்க வேண்டும். படிக்கும் காலத்தில் சம்பளம் உண்டு. சட்டம், நெறிமுறை, உளவியல், குற்றவியல், சமூகப்பணி, பாதுகாப்பு எல்லாம் பாடங்கள். நடுவே சிறைகளில் செய்முறைப் பயிற்சி. வெளியே வரும்போது கையில் உயர்கல்வித் தகுதி இருக்கும். இங்கிலாந்தில் அடிப்படைப் பயிற்சி சுமார் பத்து வாரம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சிறைத் துறையில் ஜார்ஜியா மாநிலத்தின் கிளின்கோ மையத்தில் மூன்று வாரம், அதற்கு மேல் சொந்தச் சிறையில் அறிமுகப் பயிற்சி. தென்னிந்திய மாநிலங்களுக்காக 1979இல் வேலூரில் தொடங்கிய சிறை மற்றும் சீர்திருத்த நிர்வாகப் பயிற்சி நிலையம், சிறைப் பணியில் பல நிலைகளில் இருப்பவர்களுக்கும் பயிற்சி நடத்துகிறது.

நார்வேயைப் பணக்கார நாடு, கைதிகள் குறைவு என்று சொல்லி ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் அங்கே பணத்தைவிட முக்கியமாக நடந்தது, காவலரின் வேலை என்ன என்பதை மாற்றி எழுதியது. ஒவ்வொரு கைதிக்கும் ஒரு தொடர்புக் காவலர் உண்டு. மனு எழுதுவது, விடுதலைக்குப் பிறகு வீடு, வேலை பற்றி யோசிப்பது எல்லாம் அவரோடுதான். சண்டை போடுவதும் தடுப்பதும் மட்டுமே வேலை என்று இருக்கிற இடத்தில் இரண்டு ஆண்டு படிக்கச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். இப்படி வேலையை விரித்தபிறகுதான் படிப்புக்கும் அர்த்தம் வருகிறது.

வகுப்பில் நடப்பது

பயிற்சியில் ஒரு பயிற்சியாளர் கைதியாக நடிப்பார். மாலை அடைப்பு நேரம். மற்றவர்கள் எல்லோரும் அறைக்குள் போய்விட்டார்கள், இவர் மட்டும் வராந்தாவில் நிற்கிறார். மற்ற அறைகளிலிருந்து முகங்கள் கம்பியோரம் வந்து பார்க்கின்றன.

"உள்ளே போக மாட்டேன் சார். என்ன வேணா பண்ணிக்குங்க."

புதிதாகச் சேர்ந்தவர் முதல் தடவை செய்வது எப்போதும் ஒன்றுதான். குரலை உயர்த்துவார், இரண்டடி முன்னால் போவார். "சொன்னா கேட்க மாட்டியா, போ உள்ளே" என்பார். அந்த நொடியோடு கைதிக்கு வழி அடைபட்டுவிடுகிறது. இத்தனை பேர் பார்க்கும்போது இனி அவரால் பின்வாங்க முடியாது. காவலராலும் முடியாது. அடுத்தது கைகலப்புதான். பயிற்சியாளர் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்கச் சொல்வார். சரியாக வரும்போது அது இப்படிப் போகும்:

"என்ன ஆச்சு? காலையிலே நல்லாத்தானே இருந்தீங்க."

"மூணு நாளா போன் கேட்கிறேன். அம்மா ஆஸ்பத்திரியிலே கிடக்கறாங்க. நாளைக்கு நாளைக்குன்னே சொல்றீங்க."

"யார்கிட்டே கேட்டீங்க?"

"காலை ஷிப்ட் சார்கிட்டே. எழுதியும் கொடுத்தாச்சு."

"சரி. போன் கொடுக்கிற அதிகாரம் என்கிட்டே இல்லை. ஆனா உங்க மனு எங்கே நிக்குதுன்னு அடைப்பு முடிஞ்சதும் பார்க்கிறேன். எட்டு மணிக்குள்ளே வந்து சொல்றேன். இல்லைன்னாலும் வந்து சொல்றேன். இப்ப உள்ளே போங்க."

இதில் பார்க்க வேண்டியது நிறைய. காவலர் பேசிக்கொண்டே இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து, வேடிக்கை பார்ப்பவர்கள் கண்ணில் கைதி நேராகப் படாதபடி நிற்கிறார். கைக்கெட்டும் தூரத்துக்குள் போகவில்லை. தன்னால் முடியாததை முடியும் என்று சொல்லவில்லை. உத்தரவையும் விட்டுக்கொடுக்கவில்லை, கடைசியில் உள்ளே போகத்தான் சொல்கிறார். ஆனால் கைதி உள்ளே போவது இப்போது தோற்றுப்போவதாக இல்லை.

எட்டு மணிக்கு அவர் கட்டாயம் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் விலை கொடுப்பது நாளைக்கு அதே இடத்தில் நிற்கப்போகும் இன்னொரு காவலர். வகுப்பில் இந்தப் பகுதியை நடித்துக் காட்டுவது கடினம். அதனால்தான் பலர் இதைக் கற்காமலே வெளியே வருகிறார்கள்.

பலம் பயன்படுத்தும் பாடமும் அவசியம். தற்காப்பு, தப்பியோடும் முயற்சி, சட்டப்படியான உத்தரவை உடலால் எதிர்ப்பது ஆகிய நிலைகளில் மட்டுமே பலம். அதுவும் தேவையான அளவுக்கு மேல் கூடாது. உடனே மேலதிகாரிக்கு அறிக்கை தர வேண்டும் என்பது மண்டேலா விதி. ஒருவரைக் குப்புறக் கிடத்தி முதுகில் ஏறி அமுக்கினால் சில நிமிடங்களில் மூச்சு நின்றுவிடலாம். "மூச்சு முட்டுது" என்று கத்துகிறவரை, கத்த முடிகிறதே, அப்படியானால் மூச்சு இருக்கிறது என்று நினைப்பது கொலையில் முடியும். அடங்கியதும் உடனே பக்கவாட்டில் திருப்பி உட்காரவைக்க வேண்டும். இதைக் கையும் காலும் பழகும்வரை செய்ய வேண்டும், படித்தால் போதாது.

தற்கொலைத் தடுப்பு இன்னொன்று. சிறைக்கு வந்த முதல் நாள்களும், குறிப்பாக முதல் இரவும், மிகவும் ஆபத்தானவை. மருத்துவர் வருவதற்கு முன் அங்கே இருப்பவர் காவலர்தான். பல நாடுகளில் காவலர் இடுப்பில் தூக்குக் கயிற்றை அறுக்கும் வளைந்த கத்தி ஒன்று எப்போதும் இருக்கும். நுனி மழுங்கியிருக்கும், உள்வளைவில் மட்டும் கூர். கழுத்துக்கும் துணிக்கும் நடுவே அதை நுழைத்து, இன்னொரு கையால் உடலைத் தாங்கிப் பிடித்து அறுக்கப் பழக்குகிறார்கள். இருபது வயதைக் கடந்த கொஞ்ச நாளில் சிலர் இதை உண்மையில் செய்ய வேண்டிவருகிறது. மறுநாள் அவரிடம் யாராவது உட்கார்ந்து பேசுகிறார்களா என்பதை வைத்தே அந்த நிர்வாகத்தை எடைபோடலாம்.

பிளாக்குக்குள் முதல் வாரம்

பயிற்சி முடித்து வருகிறவர் கேட்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "அங்கே சொல்லிக்கொடுத்ததை எல்லாம் மறந்துடு. இங்கே வேற." சொல்கிறவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. இருபது வருடம் உயிரோடு வீட்டுக்குப் போன வழியை அவர் சொல்கிறார். ஆனால் பத்து வாரமோ இரண்டு வருடமோ கற்ற பாடம் அந்த ஒரு வாக்கியத்தில் அழிந்துபோகலாம்.

1971இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த சிறைச் சோதனை பலருக்குத் தெரியும். மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்தார்கள். இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டது, காவலர்களின் கொடுமையால் ஆறு நாளில் நின்றது. சீருடை போட்டால் யாரும் கொடுமைக்காரர் ஆகிவிடுவார் என்பதற்கு ஆதாரமாக அதைக் காட்டினார்கள். பிற்பாடு வெளிவந்த ஒலிப்பதிவுகளும் ஆவணங்களும் வேறு கதை சொல்கின்றன. மென்மையாக இருந்த ஒரு காவலரை இன்னும் கடுமையாக இருக்கச் சொல்லிச் சோதனை நடத்தியவர்கள் தரப்பே வற்புறுத்தியிருந்தது. இது எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. கொடுமை தானாக முளைப்பதாக இருந்தால் பயிற்சிக்கு வேலையே இல்லை. மேலே இருப்பவர் எதை எதிர்பார்க்கிறார் என்பதைப் பார்த்துக் கீழே இருப்பவர் மாறுகிறார் என்றால், அந்த எதிர்பார்ப்பை மாற்றலாம்.

எனவே புதியவரை முதல் மாதங்களில் யாரோடு சேர்த்துவிடுகிறோம் என்பதே பயிற்சியின் பெரிய முடிவு. இதற்கென்றே தேர்ந்தெடுத்த, தனிப் பயிற்சியும் கூடுதல் படியும் பெறுகிற மூத்த காவலரோடு சேர்த்தால் வகுப்பும் பிளாக்கும் ஒரே பாடத்தைச் சொல்லும். அன்றைக்கு யார் சும்மா இருக்கிறாரோ அவரோடு அனுப்பினால் எதுவும் சொல்ல முடியாது. பயிற்சி நிலையத்து ஆசிரியர் பதவியிலும் இதே நோய் உண்டு. தண்டனை இடமாற்றமாகவும், ஓய்வுக்கு முந்தைய இளைப்பாறலாகவும் அதைப் பயன்படுத்தும் துறைகள் இருக்கின்றன. பயிற்சியாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிளாக்குக்குத் திரும்பிப் போய் வேலை பார்த்துவிட்டு வருவதே சரி. அப்போதுதான் அவர் சொல்வதைப் புதியவர்கள் நம்புவார்கள்.

வாழ்நாள் வேலையாக எடுக்க நினைப்பவருக்கு

பதவிப் படிகள் பொதுவாகக் காவலர், தலைமைக் காவலர், துணை ஜெயிலர், ஜெயிலர், கண்காணிப்பாளர் என்று போகும். நாட்டுக்கு நாடு பெயர் மாறும். ஏணியில் ஏறாமல் பக்கவாட்டில் போகவும் வழி உண்டு. கைதிகளை ஆபத்து, தேவை பார்த்து வகைப்படுத்தும் பிரிவு, தொழிற்பயிற்சிக் கூடம், மோப்ப நாய்ப் பிரிவு, நெருக்கடி மீட்புக் குழு, விசாரணைப் பிரிவு, நன்னடத்தை மேற்பார்வை, பயிற்சி ஆசிரியர் பணி. பேச்சில் தேர்ந்தவருக்கு நன்னடத்தைப் பணியும் பயிற்சிப் பணியும் நன்றாகப் பொருந்தும்.

இந்த வேலை உடம்பிலும் மனத்திலும் தங்கும். ஷிப்ட் முடிந்த பிறகும் கதவைப் பார்த்தபடி உட்காருவது, பிள்ளைகளிடம் உத்தரவு போடும் குரலில் பேசுவது, கூட்டமான இடத்தில் எல்லோர் கைகளையும் கவனிப்பது எல்லாம் சில மாதங்களிலேயே ஒட்டிக்கொள்ளும். மனஉளைச்சலும் மனஅழுத்தமும் பொதுமக்களைவிடச் சிறை ஊழியர்களிடம் அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆள் பற்றாக்குறையால் கட்டாய ஓவர்டைம் வந்தால் இது இரட்டிப்பாகும்.

இங்கிலாந்து இதைக் கண்ணெதிரே பார்த்தது. 2010க்குப் பின் சிக்கனத்துக்காகக் காவலர் எண்ணிக்கையை ஆயிரக்கணக்கில் குறைத்தார்கள். அனுபவசாலிகள் பலர் வெளியேறினார்கள். அடுத்த ஆண்டுகளில் தாக்குதல்களும் கைதிகள் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொள்வதும் கடுமையாக உயர்ந்தன. 2016இல் 2,500 பேரைக் கூடுதலாக எடுப்பதாக அரசு அறிவித்தது. ஆட்களை எடுக்க முடிந்தது. பிளாக்கில் பதினைந்து வருடம் நடந்தவரை ஆள்சேர்ப்பு விளம்பரத்தால் கொண்டுவர முடியவில்லை. புதியவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவரும் புதியவராகவே இருந்தார்.

அதனால் இந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறவர் சம்பளத்தோடு சேர்த்து விசாரிக்க வேண்டியவை சில உண்டு. தனியாகப் பிளாக்கில் நிற்பதற்கு முன் மூத்தவர் ஒருவரோடு எத்தனை வாரம் விடுவார்கள், அந்த மூத்தவரை யார் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், ஒரு ஷிப்டில் ஒருவருக்கு எத்தனை கைதிகள், மாதத்தில் எத்தனை நாள் கட்டாய ஓவர்டைம், தாக்கப்பட்டாலோ ஒரு மரணத்தைப் பார்த்தாலோ மறுநாள் என்ன ஏற்பாடு, மறுபயிற்சி ஆண்டுக்கு எத்தனை நாள், அது காகிதத்தில் மட்டுமா. ஏற்கெனவே அங்கே ஐந்தாறு வருடம் வேலை பார்த்தவர் ஒருவரைத் தேடிப்பிடித்து இவற்றைக் கேட்பது நல்லது. அறிவிப்பில் இவை எதுவும் இருக்காது.